ஏறாத போல்ட்

போல்ட் ஏறவில்லை.

பத்து நிமிடமாக சர்வேயரம்மா அந்த வெள்ளை ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால், கார் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கட்டைவிரல் பருமனில் ஒரு நீள போல்ட். அதன் மறுமுனையில் ஒரு கறுப்புத் தகடு, தகட்டின் மேல் முன்பக்க நம்பர் பிளேட். எதிரே பம்பரில், இந்த போல்ட்டுக்காகவே செய்தது போல ஒரு துளை. துளையின் அகலமும் போல்ட்டின் பருமனும் அச்சாக ஒன்றுதான். ஆனால் வைத்துத் திருகினால் கால் சுற்று போகிறது, நிற்கிறது.

"விட்டுடுங்க மேடம். பொண்ணுக்குப் பிடிக்கல. கட்டாயக் கல்யாணம் நிலைக்காது," என்றான் சோடா.

சோடா அவருடைய உதவியாளன். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மாட்டியது போன்ற கண்ணாடி போடுவதால் அந்தப் பெயர். முன்பு வாடகைக் கார் ஓட்டியவன். சர்வேயரம்மா இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். வண்டிக்குப் பதில் மனிதர்களையும் பார்க்கிறார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

"எண்ணெய் விட்டுத் திருகுங்க," என்றார் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர். பிளேட்டும் போல்ட்டும் அவர் கொண்டுவந்த தடயப் பையிலிருந்து வந்தவை. "கேமராவில இருக்கிறது இந்த நம்பர். இந்தக் கார் டிக்கியில கிடைச்சது இந்த பிளேட். இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஏறணும்," என்றார் சர்வேயரம்மா.

ஸ்போர்ட்ஸ் காரும் முன்பக்க நம்பர் பிளேட்டும் ஜென்மப் பகை. சாதாரணக் காரின் முன்பக்கத்தில் பிளேட் பொருத்தத் தட்டையாக ஓர் இடம் விட்டிருப்பார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கு காற்றைக் கிழிப்பதற்காக வளைத்துச் செய்தது; அங்கே தட்டையான இடமே கிடையாது. பிளேட் வேண்டுமென்றால் பம்பரில் துளை போட வேண்டும். பல லட்சம் கொடுத்து வாங்கிய பம்பரில் டிரில்லிங் மெஷினை வைக்க எவனுக்கு மனசு வரும்? அதற்கு ஒரு கெட்டிக்கார வழி இருக்கிறது. எல்லாக் காருக்கும் பம்பரில் உள்ளங்கையைவிடச் சிறிதாக ஒரு மூடி இருக்கும். நகத்தால் நெம்பினால் கழன்றுவிடும். உள்ளே ஓர் இரும்புத் துளை. வண்டி நடுவழியில் நின்றால் அதில் ஒரு கொக்கியைத் திருகி, கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். அந்தக் கொக்கிக்குப் பதில் ஒரு போல்ட்டைத் திருகி, அதில் பிளேட்டை மாட்டிவிட்டால் பம்பரில் கீறல்கூட விழாது. பிளேட் நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தொங்கும், அவ்வளவுதான். மாட்டவும் ஒரு நிமிடம், கழற்றவும் ஒரு நிமிடம்.

நாலு நாள் முன்னால், காலை ஆறு மணிக்கு, ஏரிக்கரைச் சாலையில் இப்படி ஒருபக்கமாக பிளேட் தொங்கிய வெள்ளைக் கார் ஒன்று, ஸ்கூட்டரில் போன ஒரு பெண்ணை ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தியது. கல்குவாரி வாசல் கேமராவில் முதலில் ஸ்கூட்டர் போகிறது. அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்க்கிறாள். மூன்று விநாடி கழித்துக் கார் போகிறது. அடுத்த வளைவில் ஸ்கூட்டர் பாறைகளுக்குள் விழுந்தது. கார் அவளைத் தொடவே இல்லை. அதனால் எந்தக் காரிலும் கீறல் தேடிப் பயனில்லை. விடியல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு ஓட்டியவர் முகமும் தெரியவில்லை. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அந்த நம்பர்.

இறந்தவள் டைல்ஸ் பேக்டரி முதலாளியின் மகள். நம்பர், அவருடைய மகன் காருடையது. மகன் நேற்று மாலையிலிருந்து லாக்கப்பில் இருக்கிறான்.

முதலாளி ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நாலு மணிக்கு கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க," என்றார். "அதுக்கப்புறம் ஊர் வாயில அவன் தங்கச்சியைக் கொன்னவன். மணி இப்ப பத்து. உங்களால முடியுமா, முடியாதா?"

"உங்க மகன் செஞ்சிருப்பார்னு நினைக்கிறீங்களா?"

"அந்தத் தண்டச்சோறு காலையில ஒன்பது மணிக்கு முன்னால எழுந்ததே இல்லம்மா. கொலை பண்ணக்கூட எழுந்திருக்க மாட்டான்."

மகனுக்காக அப்பா சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

"ஆனா காரணம் இருக்கே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருக்கு. நான்தான் கொடுத்தேன்." முதலாளி காரைப் பார்த்துச் சிரித்தார். "இந்த வண்டி வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். சரி, பேக்டரியில பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடு, வாங்கித் தரேன்னேன். யோசிப்பான்னு பார்த்தேன். அந்த மேஜையிலேயே பேனா கேட்டான். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், பேக்டரி மகளுக்குன்னு. போன மாசம் எல்லார் முன்னாலயும் சொல்லியும் விட்டேன். இவன் பொண்டாட்டியும் இருந்தா. ஏம்மா, இருந்த இல்ல?"

கதவோரம் நின்ற மருமகள் தலையசைத்தாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் பேக்டரி அடையாள அட்டை. பன்னிரண்டு வருடமாக பேக்டரியின் டெஸ்பாட்ச் பிரிவு, அதாவது சரக்கு கட்டி அனுப்பும் வேலை, அவள் பொறுப்பில் இருந்தது.

"அன்னிக்குக் காலையில உங்க வீட்டுக்காரர் வீட்டில இருந்தாரா?" என்று கேட்டார் சர்வேயரம்மா.

"இருந்தாருன்னு சொல்ல எனக்கும் ஆசைதாங்க. அஞ்சு மணிக்கு கம்பெனி வேன் வந்துடும். நான் கிளம்பும்போது தூங்கிட்டு இருந்தார். அதுக்கப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

"பிளேட் இல்லாததுக்காக அவருக்கு ரெண்டு தடவை அபராதம் போட்டிருக்காங்க."

"மூக்குல ஆணி அடிக்கச் சொல்றீங்களான்னு டிராபிக் போலீஸ்கிட்டயே சண்டை போட்டவர். மூணாவது தடவை வண்டியையே எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு நான்தான் சொல்லிட்டே இருந்தேன்."

"அதைத்தான் என்னால ஜீரணிக்க முடியல," என்றார் சர்வேயரம்மா. "கொலை பண்ணப் போறவன் இருக்கிற நம்பரைக் கழட்டுவான். இவர் அதுவரைக்கும் இல்லாத நம்பரைப் புதுசா வாங்கி மாட்டிக்கிட்டுப் போயிருக்கார். சட்டத்துக்கு அவ்வளவு பயமா?"

"சீட் பெல்ட்டும் போட்டிருப்பார்," என்றான் சோடா.

முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் சோடா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

பிறகு ஒவ்வொருவராக முயன்றார்கள். சோடா வலப்பக்கமாகத் திருகினான். கால் சுற்றோடு நின்றது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வலப்பக்கமாகத் திருகினார்; அதே கால் சுற்று. கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"நகருங்க, நான் பார்க்கறேன். தினம் இருநூறு பெட்டிக்கு ஆணி அடிக்கிற இடத்தில இருக்கேன்," என்று மருமகள் குனிந்தாள். போல்ட்டை இடது கையில் வாங்கித் துளையில் வைத்து, இடப்பக்கமாக ஒரு திருகு திருகினாள். நின்றுவிட்டது.

"அது திறக்கிற பக்கங்க. நாம மூடணும்," என்றான் சோடா.

அவள் தன் கையை ஒரு கணம் பார்த்தாள். "நாலு நாளா தூக்கம் இல்ல. கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்," என்று சொல்லி வலப்பக்கம் திருகினாள். அதுவும் ஏறவில்லை.

சர்வேயரம்மா போல்ட்டைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு எழுந்தார். தகட்டின் பின்புறம், விரல்நகம் அகலத்தில், ஒரு கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"இந்த மாதிரி வண்டி இந்த வீட்டில வேற இருக்கா?"

"மாப்பிள்ளைக்கு ஒண்ணு இருக்கு," என்றார் முதலாளி. "இதை வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கினது. ஒருத்தருக்கு ஒசத்தி, ஒருத்தருக்கு மட்டம்னு பேச்சு வரக்கூடாதுன்னு நிறத்தைக்கூட மாத்தல. அவர் வெளியூர் போயிருந்ததால பத்து நாளா அது பேக்டரியில நிக்குது."

சர்வேயரம்மா கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டார்.

*

கார்களுக்கு அலங்காரச் சாமான் விற்கும் கடை அது. கூரையிலிருந்து ஸ்டியரிங் உறைகள் தொங்கின. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். தன் சரக்கைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"நம்ம சரக்குதான். பிராக்கெட்டும் நம்மது, பிளேட் அடிச்சதும் நாமதான். என்ன, ஏறலையா?"

"ஏறல."

"எந்த வண்டியில போட்டீங்க? பழைய மாடலா?"

"நாலு வருஷம் ஆன வண்டி."

"அதுல எப்படி ஏறும்? இது புது மாடலோட போல்ட்." கடைக்காரர் டிராயரிலிருந்து இரண்டு போல்ட்களை எடுத்துக் கண்ணாடி மேஜையில் செங்குத்தாக நிறுத்தினார். "மரையைப் பாருங்க."

மரை என்பது போல்ட்டைச் சுற்றி ஏறும் அந்தப் பள்ளக் கோடு. முதல் போல்ட்டில் கோடுகள் இடமிருந்து வலமாகச் சாய்ந்து மேலேறின. இரண்டாவதில் வலமிருந்து இடமாக. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்தால் மற்றது தெரிவது போல இருந்தது. பருமன் ஒன்று, நீளம் ஒன்று, கோட்டின் சாய்வு மட்டும் நேர் எதிர்.

சர்வேயரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பத்து நிமிஷம் கையில வச்சிருந்தேன். பருமனைப் பார்த்தேன், சாய்வைப் பார்க்கல."

"நாம பழகினதெல்லாம் முதல் வகைங்க. பாட்டில் மூடி, குழாய், பல்பு எல்லாமே. கடிகார முள் போற பக்கம் திருகினா ஏறும். இந்த ரெண்டாவது ஜாதிக்கு எல்லாமே தலைகீழ். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருகினாத்தான் ஏறும். அதோட துளையிலயும் மரை அதே மாதிரி எதிர்ப்பக்கம் இருக்கணும். இல்லேன்னா எந்தப் பக்கம் திருகினாலும் கால் சுற்றுதான்."

"எதுக்கு இந்த வேலை? மனுஷனைக் குழப்பவா?" என்றான் சோடா.

"காரணம் இருக்கு தம்பி. வண்டி இழுக்கிற கயிறு முறுக்குக் கயிறு. பாரம் விழுந்ததும் முறுக்கு அவிழப் பார்க்கும். அவிழும்போது கொக்கியையும் பிடிச்சுச் சுத்தும். சாதாரண மரைன்னா நடுரோட்டுல கொக்கி கழண்டு வந்துடும். எதிர் மரைன்னா இழுக்க இழுக்க இறுகும். புது மாடல்ல அதுக்காக மாத்திட்டான்."

சர்வேயரம்மா அந்தப் பதிலை ரசித்துக் கேட்டார். ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவருக்குப் பாதிப் பசி அடங்கிவிடும். மீதிப் பசிக்குக் கேட்டார்: "இதை யார் வாங்கினாங்க?"

"ஆள் வரல. செய்தி அனுப்பினாங்க. முதலாளியோட மகன் பேர்ல ஆர்டர், அவர் வண்டி நம்பர். என்ன வருஷ மாடல்னு கேட்டேன். தெரியாதுன்னு பதில். தன் வண்டி என்ன வருஷம்னு தெரியாத ஆளான்னு நினைச்சேன். சரி, பம்பர் மூடியைக் கழட்டி, துளையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னேன். அனுப்பினாங்க." அவர் போனைத் திருப்பிக் காட்டினார்.

படத்தில் வெள்ளை பம்பர், திறந்த துளை, ஓரத்தில் டைல்ஸ் பெட்டிகளின் அடுக்கு.

"மரை தெரிஞ்சதும் புது மாடல்னு பிடிச்சுட்டேன். பார்சல் பேக்டரிக்குப் போச்சு. இடப்பக்கம் திருகணும், மறந்துடாதீங்கன்னு ரெண்டு தடவை எழுதியும் விட்டேன். 'சரி'ன்னு ஒரே வார்த்தை பதில்."

சர்வேயரம்மா போனை வாங்கி, அந்தப் படத்துக்குக் கீழே இருந்த நேரத்தைப் பார்த்தார். படத்தைத் தனக்கும் அனுப்பச் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

வண்டியில் ஏறியதும் சோடா கியரைப் போட்டான். "மாப்பிள்ளைதான் மேடம். மாமனார் வாங்கிக் கொடுத்த காரு, மாமனார் பெத்த பொண்ணு, மாமனார் மகன் நம்பரு. சொந்தமா ஒரு செலவும் இல்லாம கொலை பண்ணியிருக்கான். பொண்டாட்டி போனா பேக்டரி புருஷனுக்கு. மச்சான் உள்ள போனா கேட்க ஆளும் இல்ல."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு," என்றார் சர்வேயரம்மா.

*

பேக்டரியின் டெஸ்பாட்ச் கொட்டகையில் சிமெண்டு வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் கலந்திருந்தன. மணி இரண்டரை. வரச்சொன்னவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி, தடயப் பையுடன் இன்ஸ்பெக்டர், மனைவி போன நாலு நாளாகச் சவரம் செய்யாத மாப்பிள்ளை. சர்வேயரம்மா டீ கேட்டார்; இது தன்னுடைய இடம் என்பதால் மருமகள்தான் உபசரித்தாள். பிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். இடது கையால் மூடியை வலப்பக்கம் திருகி, இறுக மூடி வைத்தாள். சர்வேயரம்மா டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மூலையில் உறை போர்த்திய கார். சோடா உறையை இழுத்தான். காலையில் பார்த்த அதே வெள்ளை, அதே மூக்கு.

பம்பர் மூடி ஒரு நகம் பட்டதும் கழன்று வந்தது. சர்வேயரம்மா போல்ட்டை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்து, முதலில் வலப்பக்கம் திருகினார். ஏறவில்லை. பிறகு இடப்பக்கம் திருகினார்.

போல்ட் வெண்ணெயில் இறங்குவது போல உள்ளே போனது. சோடா எண்ணினான். எட்டுச் சுற்றில் இறுகி நின்றது. நம்பர் பிளேட் பம்பரில் ஒரு பக்கமாகத் தொங்கியது. இன்ஸ்பெக்டர் கேமராப் படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே இடம், அதே உயரம். மகனின் நம்பரை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் கார் நின்றது.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து மாப்பிள்ளையின் கன்னத்தில் அறைந்தார். கொட்டகையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

"என் பொண்ணைக் கொடுத்து, காரையும் கொடுத்தேனேடா."

மாப்பிள்ளை கன்னத்தைத் தொடவில்லை. "இன்னொண்ணும் கொடுத்தீங்க மாமா. சாம்பிள் பெட்டி. அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கு எழுநூறு கிலோமீட்டர் தள்ளி விமான நிலையத்தில அதைத் தூக்கிட்டு வரிசையில நின்னேன். கண்காட்சியை முடிச்சுட்டுத்தான் வரணும்னு சொன்னது நீங்க. பொண்டாட்டி பிறந்தநாள், போகலன்னு சொன்னேன். ஆம்பிளையா நீன்னு கேட்டீங்க."

"அது உண்மைதான்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "சாவுச் செய்தியை விமான நிலையத்து போலீஸ்தான் நேர்ல போய்ச் சொன்னாங்க. வரிசையில இருந்துதான் கூப்பிட்டிருக்காங்க."

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. அறைந்த கையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ யாரு?" என்றார்.

"முதல்ல போல்ட்டைக் கேட்போம்," என்றார் சர்வேயரம்மா. "காலையில நாலு பேர் இதைத் திருகினோம். இது எதிர் மரைன்னு எங்களுக்குத் தெரியாது. பிறந்ததுலேர்ந்து மூடி மூடிப் பழகின பக்கமே திருகினோம். நான் வலப்பக்கம், சோடா வலப்பக்கம், இன்ஸ்பெக்டர் வலப்பக்கம். ஒரே ஒரு கை மட்டும் எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் போச்சு."

சோடா கண்ணாடியைக் கழற்றினான். மாட்டினான். மருமகளைப் பார்த்தான்.

"நான் இடக்கைக்காரிங்க," என்றாள் மருமகள். குரலில் ஒரு சின்ன மாற்றமும் இல்லை. "எனக்கு வாகு அந்தப் பக்கம்தான்."

"எந்தக் கையா இருந்தாலும் மூடி ஒரே பக்கம்தான் மூடும். இப்ப பிளாஸ்க்கை மூடினீங்களே, இடது கையாலதான். ஆனா வலப்பக்கம். டீ எனக்குத் தேவையே இல்ல, அதைப் பார்க்கத்தான் ஊத்தச் சொன்னேன்." சர்வேயரம்மா கடைக்காரர் அனுப்பிய படத்தைச் செல்போனில் திறந்து நீட்டினார். "உங்க கை ஒரே ஒரு போல்ட்டைத்தான் இடப்பக்கம் திருகப் பழகியிருக்கு. கடைக்காரர் ரெண்டு தடவை எழுதிச் சொல்லிக் கொடுத்தார். கொலைக்கு மூணு நாள் முன்னால, இந்தத் துளையை அவருக்குப் படம் எடுத்து அனுப்பின நேரம், காலை அஞ்சு நாப்பத்திரண்டு. ஆளுங்க வர்றது ஆறரைக்கு. அஞ்சு நாப்பத்திரண்டுக்கு இந்தக் கொட்டகையில வழக்கமா யார் இருப்பாங்க?"

பெட்டி கட்டுகிறவர்களில் ஒருவர், யாரும் கேட்காமலே, "அக்கா மட்டும்தான்," என்றார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"காரோட சாவி?"

அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கண் பக்கத்து அறைக்குப் போனது. டெஸ்பாட்ச் அறையின் சாவிப் பலகையில், பின்வாசல் சாவிக்குப் பக்கத்தில், அந்தக் கார் சாவி தொங்கியது. பின்வாசலைத் திறந்தால் ஏரிக்கரைச் சாலை.

இன்ஸ்பெக்டர் பெண் காவலரை உள்ளே கூப்பிட்டார். மருமகள் ஓடவில்லை, அழவில்லை. பிளாஸ்க்கை எடுத்து அலமாரியில் அதன் இடத்தில் வைத்தாள். அடையாள அட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"அவ உன்னை அண்ணி அண்ணின்னு சுத்தி வந்தாளேம்மா," என்றார் முதலாளி.

"வந்தா மாமா. அன்னிக்கும் வந்தா. சரக்கு அனுப்புற வேலையைக் கத்துக்கத்தான் காலையில ஆறு மணிக்கே கிளம்பி வந்துட்டு இருந்தா. நீங்கதானே அனுப்பினீங்க, என்கிட்ட கத்துக்கிட்டு என் நாற்காலியில உட்காரச் சொல்லி. ஹாரன் சத்தம் கேட்டு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தா. ரெண்டாவது தடவை என்னை அடையாளம் தெரிஞ்சு சிரிச்சா. விளையாடறேன்னு நினைச்சுட்டா."

மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன் புருஷன் என்னம்மா பாவம் பண்ணினான்? பிளேட்டைக் கழட்டி அவன் டிக்கியில கொண்டுபோய்ப் போட்டிருக்கியே."

"பன்னிரண்டு வருஷம் அஞ்சு மணி வேன்ல வந்தேன் மாமா. என் பிள்ளைக்கு வர வேண்டிய பங்கை ஒரு காருக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'வா, ஒரு ரவுண்டு போகலாம்.'" அவள் முதன்முறையாகச் சிரித்தாள். "உங்களுக்கு மகளும் இல்ல, மகனும் இல்லேன்னா, வேற யார்கிட்ட கொடுப்பீங்கன்னு பார்த்தேன். போகட்டும். இப்ப மகன் வெளிய வந்துடுவார். இனிமே பேக்டரியை அவர்தான் பார்த்துக்கணும். அதுக்கு நான் போட்ட பிளானே பரவாயில்லன்னு உங்களுக்குத் தோணும் பாருங்க."

அவள் பெண் காவலருக்கு முன்னால் நடந்தாள். வழியில், சரியாகக் கட்டாத ஒரு பெட்டியைக் காலால் தொட்டு, "இதை மறுபடி கட்டு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆள் உடனே கட்ட ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு மகனை கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்றார். பிறகு காகிதத்தை விரித்து பேனாவைத் திறந்தார். மணி மூன்று இருபது.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா கோர்ட்டுக்குப் புரியற மாதிரி எப்படி எழுதறது?"

"மூடியைப் பத்தி எழுதுங்க சார், எல்லாருக்கும் புரியும்," என்றான் சோடா. அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை.

சர்வேயரம்மா பம்பருக்கு முன்னால் மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிளேட்டைப் பிடித்து வலப்பக்கம் திருகினார். எட்டுச் சுற்றில் போல்ட் கையோடு வந்தது.

"எழுதுங்க. இந்த போல்ட்டின் மரை எதிர்ப்பக்கம் வெட்டியது. மகனின் பழைய மாடல் காரில் இது எந்தப் பக்கம் திருகினாலும் ஏறாது. ஆகவே கேமராவில் பதிந்த கார் அதுவல்ல. மாப்பிள்ளையின் புது மாடல் காரில் இடப்பக்கம் திருகினால் எட்டுச் சுற்றில் ஏறும். ஆகவே கார் இதுதான். இடப்பக்கம் திருகத் தெரிந்தவர் இந்த வீட்டில் ஒருவர்தான்."